வெற்றி வந்த வேளையில் தாழ்மையும் நன்றியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வு முடிவுகள் வெளிவரும் மாதங்களில் மதுரையின் ஆலயங்களில் ஸ்தோத்திரக் காணிக்கை உறைகள் கூடிவிடும். மருத்துவக் கல்லூரியில் இடம், அரசுப் பணி நியமனம், பதவி உயர்வு, புதுக்கடைத் திறப்பு, வீட்டுப் பிரதிஷ்டை என்று ஒவ்வொரு உறைக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் நெடுநாள் ஏக்கம் இருக்கிறது. துன்ப காலத்தில் விசுவாசத்தை எப்படிக் காப்பது என்று நம் பிரசங்க மேடைகள் நிறையவே பேசியிருக்கின்றன. நன்மை வந்து சேர்ந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் இது குறித்து எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்ல முயன்றிருக்கிறோம். மேற்கோள் காட்டப்படும் வசனங்கள் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. கத்தோலிக்க வாசகர்கள் தங்கள் பொது மொழிபெயர்ப்பில் அதே அதிகார எண்களில் அவற்றைக் காணலாம்.

துன்பத்தில்தானே விசுவாசம் சோதிக்கப்படுகிறது? வெற்றியில் சோதனை என்று என்ன இருக்கிறது?

இஸ்ரவேலர் நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்து முடித்துக் கானானின் எல்லையில் நிற்கும்போது மோசே அவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை (உபாகமம் 8) பசியைப் பற்றியதன்று. வயிறு நிறைந்து, நல்ல வீடுகள் கட்டி, ஆடுமாடுகளும் வெள்ளியும் பொன்னும் பெருகிய பின் வரப்போகும் மறதியைப் பற்றியே அவர் கவலைப்படுகிறார். "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்கிறார். வாயால் சொல்வதை அவர் குறிப்பிடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாய் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருதயம் வேறு கணக்கு எழுத முடியும்.

உசியா ராஜாவின் வரலாறு இதற்கு ஓர் உதாரணம். பதினாறு வயதில் அரசனானவன், துரவுகளை வெட்டினான், வேளாண்மையை நேசித்தான், கோபுரங்களைக் கட்டினான், படையைச் சீர்படுத்தினான்; எல்லாமே நல்ல காரியங்கள். "அவன் பலப்பட்டபோது, தனக்குக் கேடுண்டாகுமட்டும், அவனுடைய மனம் மேட்டிமையாகி" என்று 2 நாளாகமம் 26:16 சொல்கிறது. அவனைத் தோல்வி வீழ்த்தவில்லை. உதவி கிடைத்துக்கொண்டே இருந்ததால், உதவி என்ற ஒன்று இருப்பதே அவன் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளையும் பட்டறைகளையும் அறிந்த மதுரைக்காரர்களுக்கு நீதிமொழிகள் 27:21 எளிதில் விளங்கும்: வெள்ளிக்குக் குகையும் (உருக்கும் மண்கலம்) பொன்னுக்குப் புடமும் சோதனையாக இருப்பதுபோல, மனிதனுக்கு அவனுக்கு உண்டாகும் புகழ்ச்சியே சோதனை என்கிறது அந்த வசனம்.

நான் இரவு பகலாகப் படித்தேன். என் உழைப்பே இல்லை என்று சொன்னால்தான் தாழ்மையா?

அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் அது பொய்யாகும். மற்ற அப்போஸ்தலரோடு தன்னை ஒப்பிட்டுப் பவுல், "அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று கூச்சமில்லாமல் எழுதுகிறார். உடனே, "ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது" என்று தொடர்கிறார் (1 கொரிந்தியர் 15:10). உழைப்பும் உண்மை, கிருபையும் உண்மை. உழைக்கத் தேவையான உடல்நலமும், விளக்கெரிந்த அறையும், கலங்காத மனமும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும்போதுதான் இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஏன் நிற்கின்றன என்பது புரியும். கொரிந்து சபையாரிடம் அவரே வேறோரிடத்தில் கேட்கிறார்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" (1 கொரிந்தியர் 4:7)

மரியாளின் பாடலையும் (லூக்கா 1:46-55) இங்கே நினைக்கலாம். எல்லாச் சந்ததிகளும் தன்னைப் பாக்கியவதி என்று சொல்லும் என்று அவர் மறைக்காமல் பாடுகிறார். வல்லமையுடையவர் தனக்கு மகிமையானவற்றைச் செய்தார் என்பதும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. நடந்தது சிறியது என்று அவர் சொல்லவில்லை. யாராவது பாராட்டினால் "ஐயோ, நான் ஒன்றுமே செய்யவில்லை" என்று மறுத்து, பாராட்டியவரை மேலும் இரண்டு முறை பாராட்ட வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதைத் தாழ்மையில் சேர்க்க இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. "நன்றி, மிகவும் மகிழ்ச்சி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதுமானது.

'எல்லா மகிமையும் கர்த்தருக்கே' என்று சொல்லிவிட்டால் போதாதா?

இந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படிக்கலாம். லூக்கா 18-இல் ஜெபம்பண்ணத் தேவாலயத்துக்குப் போன இருவரில் ஒருவன் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். மற்றவனாகிய பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பிரிவைச் சேர்ந்தவன், நன்றி சொல்லாதவன் அல்லன். அவனுடைய ஜெபம் முழுவதுமே நன்றிதான். "தேவனே! நான் பறிகாரர், அநியாயக்காரர், விபசாரக்காரர் ஆகிய மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறான். நன்மைக்குக் காரணர் தேவன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இலக்கண முறைப்படி பார்த்தால் மகிமை தேவனுக்கே போகிறது. ஆனாலும் அவன் நீதிமானாக வீடு திரும்பவில்லை.

அவனுடைய நன்றி எங்கே கெட்டது? பக்கத்தில் நின்ற மனிதனைத் தாழ்த்தாமல் அதனால் நிற்க முடியவில்லை. தேவன் தனக்குச் செய்ததை அளப்பதற்கு இன்னொருவனின் இல்லாமை அவனுக்கு அளவுகோலாகத் தேவைப்பட்டது. ஆகவே நம்முடைய நன்றியைச் சோதிக்க விரும்பினால், அதில் கர்த்தருடைய பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதைவிட, அந்த நன்றியைக் கேட்டுக்கொண்டிருக்கும் தோற்றவர், கிடைக்காதவர், காத்திருப்பவர் ஆகியோர் அதில் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பது மேல். "நம் தெருவில் வேறு யாருக்கும் இப்படி அமையவில்லை, கர்த்தர் எங்களுக்குச் செய்தார்" என்ற வாக்கியம் நம் ஜெபக்கூட்டங்களில் சாதாரணமாகக் கேட்கிறது. சொல்பவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் பாதி பரிசேயனுடையது.

நன்றி தேவனுக்கு மட்டுமா, மனிதருக்கும் உரியதா?

இரண்டையும் பிரிக்க முயல்வதில்தான் தவறு நேர்கிறது. "மனிதரைப் புகழாதே, கர்த்தரை மட்டும் புகழ்" என்ற சொல் பக்தியாகக் கேட்டாலும், டியூஷன் கட்டணத்துக்காக வளையலை அடகு வைத்த தாயின் பெயரையும், மாலை நேரத்தில் கட்டணமில்லாமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரையும் சாட்சியிலிருந்து அழித்துவிடுவதற்கு அது வசதியான வழியாகிவிடுகிறது. பவுல் தேவனுக்கு நன்றி சொல்லத் தொடங்கும் நிருபங்களிலேயே மனிதரின் பெயர்களைப் பட்டியலிடுகிறார். ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அத்தகைய பெயர்வரிசையே.

உபாகமம் 6:10-11 நீங்கள் கட்டாத பட்டணங்களையும், நிரப்பாத வீடுகளையும், வெட்டாத துரவுகளையும், நடாத திராட்சத்தோட்டங்களையும் நினைவூட்டுகிறது. மதுரைக் கிறிஸ்தவர்களுக்கு அந்தப் பட்டியலை உள்ளூர்ப் பெயர்களாலேயே நிரப்ப முடியும். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கே பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1881-இல் பசுமலையில் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, பிற்பாடு வைகையின் வடகரைக்கு வந்தது. 1948-இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியை நிறுவினார். இயேசு சபையினரும் துறவற சகோதரிகளும் நடத்திய பள்ளிகளும் விடுதிகளும் தனி வரிசை. இவற்றில் படித்த பாட்டி கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்ததால்தான் பேத்தி இன்று நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள் என்ற கதை இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. அயல்நாட்டு மிஷனரிகளை மட்டும் நினைத்து, அவர்களோடு கிராமம் கிராமமாக நடந்த உள்ளூர் உபதேசியார்களையும், வீடு வீடாக வேதம் கற்பித்த வேதாகம ஸ்திரீகளையும் மறப்பது நம்முடைய நன்றியில் இருக்கும் ஒரு பழைய ஓட்டை.

சபையில் சாட்சி சொல்லலாமா? சொன்னால் எப்படிச் சொல்வது?

சொல்லலாம், சொல்வது நல்லது. குணமாக்கப்பட்ட பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து உரத்த சத்தத்தோடு தேவனை மகிமைப்படுத்தியவன் ஒருவனே. அவனும் யூதர் அந்நியராக ஒதுக்கிய சமாரியன் (லூக்கா 17:11-19). மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆகவே வாய்விட்டுச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சிக்கல் சாட்சியில் இல்லை, சாட்சிக்குள் நாம் நுழைத்துவிடும் கணக்கில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை எண்ணிப் பாருங்கள். நீட் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி முன்னே வந்து, நாற்பது நாள் உபவாசமிருந்து ஜெபித்ததாகவும் கர்த்தர் ஜெபத்தைக் கேட்டதாகவும் சொல்கிறாள். மூன்றாவது வரிசையில் அதே தேர்வை மறுமுறையும் எழுதித் தவறிய இன்னொரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் உபவாசமிருந்தவள்; அவளுடைய தாயும் அதே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முழங்காலிட்டவர். முன்னே நிற்பவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் "நான் ஜெபித்தேன், அதனால் கிடைத்தது" என்ற ஒரு 'அதனால்' மூன்றாவது வரிசையில் இருப்பவளிடம், "நீ சரியாக ஜெபிக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறது. அந்த 'அதனால்' நமக்குத் தெரிந்த செய்தி அன்று. ஏன் ஒருவருக்குக் கிடைக்கிறது, ஏன் இன்னொருவருக்குக் கிடைப்பதில்லை என்பதை, எல்லாவற்றையும் இழந்து காரணம் கேட்ட யோபுவுக்கே தேவன் விளக்கவில்லை.

அப்படியானால் என்ன சொல்வது? நடந்ததைச் சொல்லுங்கள். பயந்ததைச் சொல்லுங்கள், ஜெபம் அந்தப் பயத்தில் உங்களை எப்படித் தாங்கியது என்பதைச் சொல்லுங்கள். உதவியவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். முடிவு வேறு விதமாக வந்திருந்தாலும் கர்த்தர் நல்லவராகவே இருந்திருப்பார் என்று உங்களால் மெய்யாகவே சொல்ல முடிந்தால், அதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் பாவனையாகச் சொல்ல வேண்டாம். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்ற ஆபகூக்கின் வார்த்தைகளை (3:17-18) விளைச்சல் வந்தவன் வாசிக்கும்போது அதற்கு ஒரு தனி எடை உண்டு. மதிப்பெண், சம்பளம், வீட்டின் விலை ஆகிய தொகைகளைச் சாட்சியில் சொல்லாமல் விடுவது நலம். அவற்றைச் சொல்வதால் தேவனுடைய மகிமை கூடுவதில்லை, கேட்பவர்களின் மனக்கணக்குதான் கூடுகிறது. சாட்சி முடிந்ததும், தவறிய மாணவியின் அருகில் போய் உட்காருவது சாட்சியின் ஒரு பகுதியே. அவளுக்கு அறிவுரை சொல்லப் போக வேண்டாம். சந்தோஷப்படுகிறவர்களுடன் சந்தோஷப்படவும் அழுகிறவர்களுடன் அழவும் சொல்லும் ரோமர் 12:15, வெற்றி பெற்றவருக்கு விலக்கு அளிக்கவில்லை.

ஃப்ளெக்ஸ் வைக்கலாமா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடலாமா?

மதுரையில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் வைக்கும் ஊரில், பிள்ளை மாநில அளவில் மதிப்பெண் வாங்கினால் உறவினர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "உன் வாய் அல்ல, புறத்தியானே" உன்னைப் புகழட்டும் என்ற நீதிமொழிகள் 27:2 இங்கே நேராகப் பொருந்துகிறது: பள்ளிக்கூடம் வைத்தால் வைக்கட்டும், நாமே அச்சடித்து நம் தெருமுனையில் கட்ட வேண்டாம். எட்டடி உயரப் படத்துக்குக் கீழே மூன்று அங்குல எழுத்தில் 'கர்த்தருக்கே மகிமை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது மகிமை எங்கே போகிறது என்பதை எழுத்தின் அளவே சொல்லிவிடுகிறது. ஸ்டேட்டஸில் செய்தியைப் பகிர்வதில் தவறில்லை. தூரத்து உறவினர்களுக்கும் பழைய நண்பர்களுக்கும் தெரிவிக்க இன்று அதுதான் வழி.

திருஷ்டி படும் என்று பயந்து நல்ல செய்தியை மறைத்து வைக்கிறோம். இதுவும் தாழ்மைதானே?

இல்லை. அது பயம். பிறருடைய கண்ணுக்கு நம் நன்மையை அழிக்கும் வல்லமை உண்டு என்று நம்புகிறவர், நன்மையைக் கொடுத்தவரைவிட அயலாரின் பார்வையைப் பெரிதாக எண்ணுகிறார். செய்தியைக் கேட்கும் ஒருவருக்கு மனம் வலிக்கும் என்று எண்ணி, சொல்லும் நேரத்தையும் முறையையும் தேர்ந்துகொள்வது வேறு காரியம், அது அன்பு.

காணிக்கை எவ்வளவு கொடுப்பது? ஆலயத்துக்குக் கொடுக்கும் பொருளில் பெயர் எழுதலாமா?

தொகையை இங்கே நிர்ணயிக்கப் போவதில்லை. ஏழை விதவையின் இரண்டு காசுகளை இயேசு எடைபோட்ட முறை (மாற்கு 12:41-44) நமக்குத் தெரியும். கொடுத்த தொகையைவிட, கொடுத்தபின் மீந்ததையே அவர் பார்த்தார்.

பெயர் விஷயத்தில் சற்று நின்று பேசலாம். மின்விசிறியின் இறக்கையிலும், டியூப்லைட்டின் பட்டியிலும், நாற்காலியின் முதுகிலும் கொடுத்தவரின் பெயரை எழுதுவது நம் நாட்டுப் பழக்கம். கோயிலிலும் உண்டு, ஆலயத்திலும் உண்டு. இறந்துபோன பெற்றோரின் நினைவாக வைத்தால் அதில் ஒரு நன்றி இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். உயிரோடிருப்பவர் தம்முடைய பதவி உயர்வுக்காகக் கொடுத்த விசிறியில் தம் பெயரையும் பதவியையும் சேர்த்து எழுதுவது, வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற மத்தேயு 6:3-ஐ ஆண்டு முழுவதும் தலைக்குமேல் சுழலவிடுவதாகும்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். விசுவாசிகள் கொண்டுவரும் தேங்காய், வாழைத்தார், கோழி ஆகியவற்றை ஏலம்விட்டுச் சபைப் பணிக்குச் சேர்க்கும் இந்த வழக்கம் மகிழ்ச்சியானது. கிராமச் சபைகளில் அது ஒரு திருவிழா. ஒரு தேங்காயைப் பல ஆயிரத்துக்கு ஏற்றி எடுப்பவர் சபைக்கு உதவுகிறார் என்பதும் உண்மை. எனினும், அந்தத் தேங்காயைக் கொண்டுவந்த கூலித்தொழிலாளியை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை, எடுத்தவருக்குத்தான் சால்வை. முதற்பலனைக் கொண்டுவருவதற்கான உபாகமம் 26-இன் ஒழுங்கு வேறு மாதிரி இருக்கிறது. கூடையைக் கொண்டுவருகிறவன், தன் முற்பிதா நிலமில்லாமல் அலைந்தவன் என்றும், தன் ஜனம் எகிப்தில் அடிமையாக இருந்தது என்றும் முதலில் அறிக்கையிட வேண்டும். அதன்பின், நிலப்பங்கு இல்லாத ஆலய ஊழியனாகிய லேவியனோடும் நடுவிலிருக்கும் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். தன் குடும்பத்தின் வறிய தொடக்கத்தைச் சபை நடுவே சொல்லி, நிலமில்லாதவனைப் பந்தியில் உட்கார வைத்து உண்பதே அங்கே நன்றி. நம் வீட்டு நன்றி விருந்துகளில் யாரை அழைக்கிறோம் என்று அழைப்புப் பட்டியலை ஒருமுறை இந்த அதிகாரத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

திருக்குறளும் பணிவைப் போதிக்கிறது. கிறிஸ்தவத் தாழ்மைக்கும் அதற்கும் என்ன உறவு?

"பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு" என்கிறது 963-ஆம் குறள். செல்வம் பெருகும்போது பணிவும், குறையும்போது தலைநிமிர்வும் வேண்டும் என்ற இந்தச் சமநிலையைத் தமிழ்க் கிறிஸ்தவர் தயக்கமின்றித் தம்முடையதாக ஏற்கலாம். அந்தக் குறளின் இரண்டாம் பாதியை நம் பிரசங்கங்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்தலாம் என்றுகூடத் தோன்றுகிறது. கிறிஸ்தவத் தாழ்மை கூடுதலாக ஒரு நிகழ்வைச் சார்ந்திருக்கிறது. தேவனுடைய ரூபமாயிருந்தவர் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, சிலுவை மரணம்வரை தம்மைத் தாழ்த்தினார் (பிலிப்பியர் 2:5-11). தம் கையில் பிதா எல்லாவற்றையும் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்திருந்த அதே வேளையில்தான் அவர் எழுந்து சீஷரின் கால்களைக் கழுவினார் என்று யோவான் 13 குறிப்பிடுகிறது. ஆகவே உயர்ந்த நிலை தாழ்மைக்கு ஆபத்து மட்டுமன்று; தாழ்மைக்கு உரிய இடமும் அதுவே.

எங்களை எப்போதும் 'அடக்கமாய் இரு' என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள். முதல் தலைமுறையாக முன்னேறும் எங்களுக்கும் தாழ்மையைப் போதிப்பது நியாயமா?

நியாயமான கேள்வி, இதைக் கேட்க வேண்டிய நிலையைச் சபைக்குள்ளேயே உருவாக்கியிருக்கிறோம் என்பது வெட்கத்துக்குரியது. தென்மாவட்டங்களில் சாதி, ஆலய வாசலோடு நின்றுவிடவில்லை. ஒடுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர் அதிகாரியாகி, கார் வாங்கி, ஆலயத்தில் முன்வரிசையில் உட்காரும்போது "தலைக்கனம் வந்துவிட்டது" என்று முணுமுணுப்பவர்கள், அதே வரிசையில் தலைமுறையாக உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. பிறர் மேல் சுமத்தப்படும் தாழ்வு தாழ்மை ஆகாது. மரியாளின் பாடலில் தேவன் தாழ்மையானவர்களை உயர்த்துகிறார். ஆசனங்களிலிருந்து தள்ளப்படுபவர்கள் பலவான்கள்.

பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையின்றி அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகள், மறுநாள் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, தாங்கள் ரோமர் என்பதை எடுத்துச் சொல்லி, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போக வேண்டும் என்று பவுல் நின்றார் (அப்போஸ்தலர் 16:37). சேவகன் ஒருவன் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). உரிமையைக் கேட்பதும் மரியாதையை எதிர்பார்ப்பதும் தாழ்மைக்கு விரோதமானவை அல்ல. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், ஒடுக்கப்பட்டவர்களின் பார்வையில் வேதத்தை வாசிக்கும் தலித் இறையியலைப் பேசியவர்களும் இதைத் தான் வலியுறுத்தி வந்திருக்கிறார்கள். முதல் தலைமுறையாக முன்னேறியவர் தமக்குப் பின்னே வருபவருக்குக் கதவைத் திறந்து வைக்கிறாரா என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். வேறு யாரும் அதைக் கேட்டு அவரை அடக்க வேண்டியதில்லை.

பாராட்டு விழா, சால்வை, பதவி இவற்றை மறுத்துவிட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை, அன்போடு கொடுப்பதை மறுத்து, கொடுப்பவரைப் புண்படுத்துவதில் பெருமை ஒளிந்திருக்கலாம். ஆனால் அழைப்பு ஒன்று இருக்க, கெளரவம் வேறிடத்துக்கு இழுத்தால் மறுக்கத்தான் வேண்டும். மறவ நாட்டில் அருளானந்தர் என்று அறியப்பட்ட இயேசு சபை மிஷனரி புனித ஜான் டி பிரிட்டோ, லிஸ்பன் அரண்மனையில் இளவரசரின் தோழராக வளர்ந்தவர். 1686-இல் இராமநாதபுரம் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட பின் போர்ச்சுகலுக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே அவருக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. அரசராகிவிட்ட பழைய தோழர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். ஆனால் பிரிட்டோ 1690-இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் கொல்லப்பட்டார். நம்மில் யாருக்கும் அப்படி ஒரு தெரிவு வரப்போவதில்லை. ஆயினும் பதவி உயர்வு வந்ததும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பையோ பாடகர் குழுவையோ 'நேரமில்லை' என்று முதலில் விட்டுவிடுகிறவர்களுக்கு இந்த வரலாறு எட்டாத உயரத்தில் இல்லை.

இதற்கென்று தினசரிப் பழக்கம் ஏதாவது உண்டா?

இரண்டு பழைய வழிகள் உண்டு, இரண்டும் சுருக்கமானவை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த அன்றாட ஆத்தும சோதனையில், பாவத்தை ஆராய்வதற்கு முன்பே, பெற்ற நன்மைகளுக்காக நன்றி சொல்வது முதற்படியாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலிக்கன் மரபிலிருந்து வந்த பொது ஸ்தோத்திர ஜெபம் 1662-ஆம் ஆண்டின் ஜெபப்புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. அதன் ஒழுங்கைக் கவனியுங்கள்: சிருஷ்டித்ததற்காக, காத்ததற்காக, இம்மையின் சகல ஆசீர்வாதங்களுக்காக, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்துவினால் உண்டான மீட்புக்காக நன்றி சொல்லப்படுகிறது. நம்முடைய பதவி உயர்வு 'சகல ஆசீர்வாதங்கள்' என்ற இடத்தில் மற்றவற்றோடு அடங்கிவிடுகிறது. மிகப் பெரிய நன்மை தோற்றவருக்கும் வென்றவருக்கும் பொதுவானது என்பதை அந்த ஜெபத்தை ஊன்றிச் சொல்பவர் ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்கிறார்.

நன்றி ஆராதனைக்கோ திருப்பலிக்கோ குருவானவரிடம் என்ன எழுதிக் கொடுப்பது?

ஒரு துண்டுத்தாளில் இரண்டு மூன்று வரிகள் போதும். குடும்பத்தின் பெயர், எந்த நன்மைக்காக நன்றி என்பது, உதவியவர்களில் அறிவிக்கச் சம்மதித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதலாம். பதவியின் முழுப்பெயரும் மதிப்பெண்ணும் தேவையில்லை. அதே தாளில், இதே தேர்வுக்கோ வேலைக்கோ காத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் ஜெபிக்குமாறு ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். அவர்களுடைய பெயர்களை அவர்களிடம் கேட்காமல் எழுத வேண்டாம். ஞாயிறு காலையில் ஆராதனை தொடங்கும் நேரத்தில் கொடுத்தால் அவசரத்தில் தவறாக வாசிக்கப்பட வாய்ப்புண்டு; சனிக்கிழமை மாலையே குருமனையிலோ பங்கு அலுவலகத்திலோ கொடுத்துவிடுவது எல்லாருக்கும் வசதி.